உப்புக்காற்று ஊரில் ஒரு மழைக்காட்டுச் செடி

நான் வாங்கிய முதல் புரோமிலியாட் என்கிற அழகுச் செடி இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. உப்பான போர்வெல் தண்ணீரை அதன் குருத்தில் ஊற்றி ஊற்றி நானே கொன்றேன். இலை நுனி கருகியதும் வெயில்தான் காரணம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன் பாருங்கள், அதோடு முடிந்தது கதை. நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் இதை வளர்க்க ஆசை என்றால் முதலில் தண்ணீருக்கு வழி பண்ணுங்கள், செடியை அப்புறம் வாங்கலாம்.

இது அன்னாசிக் குடும்பம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களில் ஒன்றே ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது, மற்றதெல்லாம் அமெரிக்கக் கண்டங்களில்தான். நான் வளர்ப்பது நியோரெகேலியா கரோலினே, பிரேசிலின் அட்லாண்டிக் கரையோர மழைக்காட்டுச் செடி. இதற்கு வேர் முக்கியமாகப் பிடிமானத்துக்குத்தான். இலைகள் அடியில் நெருங்கி ஒரு கிண்ணம் மாதிரி ஆகிவிடும், அதில் தேங்கும் மழையையும் மட்கும் சருகின் சத்தையும் இலையே உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கிண்ணத்தில் உப்புத் தண்ணீரை விட்டால் என்ன ஆகும்? நம் வெயிலில் தண்ணீர் வற்றும், உப்பு அங்கேயே தங்கும், மறுபடி ஊற்ற ஊற்ற ஏறிக்கொண்டே போகும்.

அதனால் மழைத்தண்ணீர்தான். நமக்குப் பெய்கிற மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும், அப்போதே மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து வையுங்கள். முதல் மழையை விட்டுவிடுங்கள், மொட்டை மாடியில் படிந்த உப்பும் தூசியும் அதோடு போகட்டும். டிரம் தீர்ந்துபோனால் கேன் தண்ணீர் ஊற்றலாம், ஒரு செடி குடிப்பது ஏதோ ஒன்றிரண்டு டம்ளர்தானே. செம்புக் குடத்துத் தண்ணீர் மட்டும் வேண்டாம், செம்பு இந்தக் குடும்பத்துக்கே விஷம். செம்பு கலந்த பூஞ்சை மருந்தும் அப்படித்தான். வாரம் ஒரு தடவை தொட்டியைச் சாய்த்துப் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள், இல்லாவிட்டால் வீட்டிலேயே டெங்குக் கொசு வளர்த்த மாதிரிதான். கொசுவுக்குப் பயந்து மண்ணெண்ணெய் விடுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

தொட்டிக்கு மண்ணே தேவையில்லை, கடற்கரை மணல் சுத்தமாக ஆகாது. தேங்காய் மட்டைத் துண்டு, உடைத்த ஓடு, கொஞ்சம் கரி, இவ்வளவுதான். சீமைக்கருவேலக் கரிக்கு நம் மாவட்டத்தில் என்ன பஞ்சம்! மட்டையை மட்டும் இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு அலசிவிடுங்கள், அதிலும் உப்பு இருக்கும். அழகுக்காகப் பவளக்கல் வைக்காதீர்கள், அது சுண்ணாம்பு, செடிக்குப் பிடிக்காது. பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றமும்கூட.

காலை ஒன்பது மணி வரை வெயில் பட்டால் போதும், அதற்கு மேல் பச்சை வலைக்குக் கீழே. முழு நிழலில் வைத்தால் இலை நீண்டு வெளிறிப்போகும். இதே குடும்பத்துக் குஸ்மேனியா வாங்கியிருந்தால் நேர் வெயிலே காட்டாதீர்கள். ஆடிக்காற்று அடிக்கிற மாதங்களில் இலைமேல் உப்பு படியும், இரண்டு நாளுக்கு ஒரு தடவை நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள். உரம் பெரிதாக வேண்டாம், கிண்ணத்துக்குள் போடவே வேண்டாம்.

பூக்கிற சமயத்தில் நடு இலைகள் ரத்தச் சிவப்பாகி மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். பூ என்னவோ சின்ன ஊதாப் பூ, தண்ணீருக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். நன்றாக வளர்ந்த செடி பூக்காமல் அடம்பிடித்தால் கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒரு பழுத்த ஆப்பிளோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் ஒரு வாரம் நிழலில் கட்டி வையுங்கள். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பூக்கத் தூண்டும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம்.

பூத்த செடி வாழை மாதிரிதான், பக்கக்கன்று விட்டுவிட்டு மெல்லச் சாகும். கன்று தாயில் மூன்றில் ஒரு பங்காவது வளர்ந்த பிறகு கத்தியால் அறுத்துத் தனியாக வையுங்கள். தாய் வாடுகிறதே என்று உடனே பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள், முழுசாகக் காய்வதற்குள் இன்னும் ஒரு கன்று விடக்கூடும்.