செகண்ட் லைஃபில் நற்பணிக்கு நிதி திரட்டும் முறை

லிண்டன் லேப் நிறுவனம் 2003-இல் தொடங்கிய செகண்ட் லைஃப் என்னும் இணையவழி மெய்நிகர் உலகில், அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்காக ‘ரிலே ஃபார் லைஃப்’ என்னும் நிதி திரட்டும் நிகழ்ச்சி பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. அதைப் பார்த்து நீங்களும் நிதி திரட்ட விரும்பினால், முதலில் அறநிறுவனத்திடம் எழுத்துமூலம் ஒப்புதல் பெறுங்கள். இசைவின்றி அதன் பெயரைப் பயன்படுத்துவது, நோக்கம் எத்தனை நல்லதாயினும், தவறு.

அடுத்தது உண்டியல். மிகுந்த கவனம் வேண்டிய இடம் இதுவே. உண்டியலில் செலுத்தப்படும் லிண்டன் டாலர் (அந்த உலகின் நாணயம்), அதில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும், அந்தப் பொருளின் உரிமையாளர் கணக்குக்கே போய்ச் சேரும். ஆகவே இதற்கென்றே தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதன் பெயரில் உண்டியலை வைத்து, ஒரு லிண்டன் டாலரை நீங்களே செலுத்தி, அது சரியான கணக்கில் வரவாகிறதா என்று பாருங்கள். உண்டியலை இயக்கும் நிரல் (கணினிக் கட்டளைத் தொகுப்பு) உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க அனுமதி கேட்டால், காரணம் தெரியாமல் இசையாதீர்கள்.

நிகழ்ச்சி நேரத்தை அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் குறிப்பிடுவதே அங்கு வழக்கம். ஒரு நிலப்பகுதியில், பயனர்களின் உருவங்களான அவதாரங்கள் இத்தனைதாம் நுழைய முடியும் என்ற வரம்பு உண்டு. கூட்டம் பெருகினால் அசைவுகள் தடுமாறும் என்பதால், நிரல் மிகுந்த அணிகலன்களைக் கழற்றிவிட்டு வருமாறு அழைப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

திரண்ட தொகையை அமெரிக்க டாலராக மாற்றும்போது கட்டணம் பிடிக்கப்படும். அதையும் கணக்கில் காட்டி, பரிவர்த்தனைப் பட்டியலையும் அறநிறுவனத்தின் ரசீதையும் கொடையாளர்களுக்கு அனுப்பிவையுங்கள்.