தண்ணீரில் நிற்கும் சோயா: மரபணுவைத் தேடுவது எப்படி?

திருவாரூர்ப் பக்கம் தாளடி அறுப்புக்கு முன்பே உளுந்தைத் தெளித்துவிட்டு, தை மழை வந்துவிடக் கூடாதே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். தேங்கும் தண்ணீரைத் தாங்க நெல்லுக்கு வழி கிடைத்துவிட்டது. ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ ரகத்தில் இருந்த சப்1ஏ மரபணுவை 2006-இல் கண்டுபிடித்தார்கள். அது ஏறியதுதான் சி.ஆர். 1009 சப்-1 என்ற நெல் ரகம். மூழ்கிய பயிர் வளராமல் அடங்கிக் கிடந்து, தண்ணீர் வடிந்ததும் எழும். சோயாவில் சிக்கல் வேறு, பெரும்பாலும் மூச்சுத் திணறுவது வேர்தான். மரபணுத் தொகுப்பு (செடியின் முழு டிஎன்ஏ வரிசை) 2010-லேயே வெளியானதால் பழகிப் பார்க்க நல்ல பயிர். உளுந்துக்கும் வழி இதேதான்.

படி 1: தண்ணீர் நின்றால் சாகும் ரகம் ஒன்று, தாக்குப்பிடிக்கும் ரகம் ஒன்று. இரண்டையும் கலந்து, ஆறேழு தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கையில் கொண்டுபோனால் குணம் மாறாத வழித்தோன்றல்கள் கிடைக்கும். 150 இருந்தால் நல்லது. இதற்கே சில வருடம் ஓடிவிடும்.

படி 2: வெள்ளம் கட்டுவது. என்னைக் கேட்டால் பாதி வேலை இதில்தான். மூன்று இலை வந்த செடிகளைத் தொட்டியில் வைத்து, மண்ணுக்கு மேல் நாலு விரல் தண்ணீர் பத்து நாள் நிற்கட்டும். காற்றைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும், அதனால் வேர் சீக்கிரமே திணறும். வடித்து ஒரு வாரம் கழித்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுங்கள், நன்றாகத் தாங்கியதற்கு 5. இலை மஞ்சளா, குருத்து உயிரோடு இருக்கிறதா, தண்டின் அடியில் வெள்ளையாகப் புது வேர் விட்டிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஒவ்வொரு வழித்தோன்றலையும் மூன்று தொட்டியிலாவது வையுங்கள். நான் ஒரே தொட்டியை நம்பி, "கிடைத்துவிட்டது" என்று குதித்தேன். அப்புறம் பார்த்தால் அடியில் மயிரிழை விரிசல், ராத்திரி முழுக்கத் தண்ணீர் கசிந்திருக்கிறது!

படி 3: இலையிலிருந்து டிஎன்ஏ எடுத்து ஆய்வகத்தில் மார்க்கர் (டிஎன்ஏவில் ரகத்துக்கு ரகம் மாறும் அடையாள இடம்) பார்த்து வாங்குங்கள். எந்த மார்க்கர் அதிக மதிப்பெண்ணோடு சேர்ந்தே வருகிறது என்பதை ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் காட்டும். சோயாவின் 20 ஜோடி குரோமோசோம்களில் அந்த இடத்தைச் சுற்றியே தேட வேண்டும்.

படி 4: அங்கேயே நூறு மரபணு இருக்கலாம். தண்ணீர் கட்டிய வேரிலும் கட்டாத வேரிலும் ஆர்என்ஏ (மரபணு வேலை செய்யும்போது உண்டாகும் நகல்) எடுத்து, எது கூடிக் குறைகிறது என்று ஒப்பிட்டால் பட்டியல் சுருங்கும். ஆனால் கூடியதெல்லாம் காரணமாகாது, செடி சாகும்போதும் பல மரபணுக்கள் துள்ளும். சரி, எப்படி உறுதி செய்வது? அந்தக் குரோமோசோம் துண்டை மட்டும் சாகும் ரகத்துக்குள் பின்கலப்பில் (சாகும் ரகத்தோடே திரும்பத் திரும்பக் கலந்து) ஏற்றி, மறுபடி பத்து நாள் தண்ணீரில் நிறுத்த வேண்டும். செடி பிழைத்தால் காரணம் அந்தத் துண்டில்தான்.