வேட்பாளரின் ‘பாதுகாப்பு’ பேச்சை ஆவணத்தில் சரிபார்க்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிவிட்டால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் எந்த மண்டபத்தில் கூட்டம் நடந்தாலும் முதல் பேச்சு குற்றத்தைப் பற்றித்தான். வீடு புகுந்து கொள்ளை, கார் கடத்தல், தெருமுனையில் போதைப்பொருள். “என்னை ஜெயிக்க வைத்தால் ஸ்டேஷனில் போலீஸ்காரர்களை இரண்டு மடங்காக்குவேன்” என்பார் வேட்பாளர். இவர் இதுவரை என்ன செய்தார் என்று ஆவணங்களைப் புரட்ட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் அடியிலேயே சறுக்குகிறார்கள். அவர் கேட்கும் பதவிக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

வார்டு கவுன்சிலருக்கு அந்த அதிகாரம் இல்லை. தென்னாப்பிரிக்கப் போலீஸ் சேவை அரசியலமைப்பின் 205ஆம் பிரிவின்படி தேசிய அமைப்பு. எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை பேர் என்பது டர்பன் மாநகராட்சியான எதெக்வினியின் மன்றத்தில் முடிவாவதில்லை. மாகாண அரசுக்குக்கூட 206ஆம் பிரிவு தருவது போலீஸைக் கண்காணிக்கும் பொறுப்புதான். உத்தரவிடும் அதிகாரம் அல்ல. மாநகராட்சியின் கையில் இருப்பது மெட்ரோ போலீஸ். போக்குவரத்து, துணைவிதிகளை அமல்படுத்துவது, குற்றம் நடக்காமல் தடுப்பது, இவ்வளவுதான் அவர்கள் வேலை. கொள்ளை வழக்கை அவர்கள் புலனாய்வு செய்ய மாட்டார்கள்.

அப்படியானால் கவுன்சிலரிடம் தேட ஒன்றுமே இல்லையா? நிறைய இருக்கிறது, வேறு தலைப்பின் கீழ். தெருவிளக்கு மாநகராட்சியின் பொறுப்பு. தீயணைப்பும் அதுதான். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து மனையில் மதுக்கடை வர நில உபயோக அனுமதி கொடுப்பதும் மாநகராட்சிதான் (மது உரிமம் மட்டும் மாகாணத்திடம்). ஆகவே பழைய கவுன்சிலர் மறுபடி நிற்கிறார் என்றால் கூட்டக் குறிப்புகளில் ‘குற்றம்’ என்று மட்டும் தேடிவிட்டு மூடி வைக்காதீர்கள். விளக்கு, மெட்ரோ போலீஸ், மது, பாழடைந்த கட்டடம் என்றும் தேடுங்கள். என்னைக் கேட்டால், மேடையில் அரை மணி நேரம் போலீஸைத் திட்டிய பேச்சைவிட, எரியாத விளக்குகளைப் பற்றி மன்றத்தில் அவர் கேட்ட ஒரு கேள்வி அதிகம் சொல்லும்.

அடுத்த குழி, குற்றப் புள்ளிவிவரம். போலீஸ் சேவை இதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளியிடுகிறது. ஸ்டேஷன் வாரியாக எக்செல் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். வேட்பாளரும் அதிலிருந்துதான் ஒரு சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறார். “கொலை 100 சதவீதம் கூடிவிட்டது” என்றால் அந்த வரிசையைத் திறந்து பாருங்கள். 2 என்பது 4 ஆனாலும் 100 சதவீதம்தான். அப்புறம், ஏப்ரல்–ஜூன் காலாண்டை முந்தைய ஆண்டின் ஏப்ரல்–ஜூனோடு ஒப்பிட வேண்டும்; டிசம்பர் விடுமுறை அடங்கிய காலாண்டோடு ஒப்பிட்டால் என்ன வேண்டுமானாலும் நிரூபிக்கலாம்.

இன்னொரு நுட்பம் இருக்கிறது, பலரும் இதைக் கவனிப்பதில்லை. போதைப்பொருள் வழக்கு, சட்டவிரோதத் துப்பாக்கி, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது ஆகியவை அந்தப் பட்டியலில் தனித் தொகுப்பாக இருக்கும்: போலீஸ் நடவடிக்கையால் தெரியவந்த குற்றங்கள். இந்த எண் கூடினால் ஊர் கெட்டுவிட்டது என்று அர்த்தமாகாது. சோதனை அதிகம் நடந்திருக்கலாம். குறைந்தாலும் அதே கதைதான், ரோந்து நின்றுபோயிருக்கலாம். இந்த ஒரு வரியை மட்டும் காட்டி “எங்கள் ஆட்சியில் போதை குறைந்தது” என்று ஒருவர் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

எல்லைக் குழப்பம் வேறு. வார்டு எல்லையும் போலீஸ் ஸ்டேஷன் எல்லையும் ஒன்றல்ல. சாட்ஸ்வர்த்துக்குள்ளேயே சாட்ஸ்வர்த் ஸ்டேஷன் ஒன்று, பேவியூ ஸ்டேஷன் ஒன்று. ஒரு ஸ்டேஷனின் எண்ணை ஒரு கவுன்சிலரின் கணக்கில் எழுதுவது, நல்லதானாலும் கெட்டதானாலும், நியாயமில்லை.

பட்ஜெட்டுக்கு வந்தால், ஒதுக்கியதைச் செலவழித்ததாக நினைப்பதுதான் வழக்கமான தவறு. மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. நடுவில் திருத்தப் பட்ஜெட் வரும். மெட்ரோ போலீஸ் வாகனத்துக்கு ஒதுக்கிய பணம் அங்கே சத்தமில்லாமல் வேறு பக்கம் போகலாம். முதல் பட்ஜெட், திருத்தம், ஆண்டு இறுதிச் செலவு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேசியக் கருவூலத்தின் ‘முனிசிபல் மணி’ தளத்தில் தொகைகள் கிடைக்கும். தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கையையும் சேர்த்துப் படியுங்கள். போலீஸ் சேவையின் ஆண்டு ஏப்ரலில் தொடங்குவதால், குற்ற எண்ணையும் மாநகராட்சிச் செலவையும் ‘அதே ஆண்டு’ என்று ஒட்டவைக்க முடியாது.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்குத் தனி எச்சரிக்கை. கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி, செட்டி, நாயக்கர்: டர்பனில் இந்தக் குடும்பப் பெயர்களுக்கு முன்னால் ஒரே ஓர் எழுத்தைப் போட்டால் எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்லவே வேண்டாம். நீதிமன்றத் தீர்ப்புகளை இலவசமாகத் தரும் சாஃப்லி தளத்தில் ‘எஸ். கோவெண்டர்’ மேல் ஒரு தீர்ப்பு கிடைத்ததும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். முழுப்பெயர், தொழில், ஊர், காலம் எல்லாம் பொருந்துகிறதா என்று பார்க்காமல் பகிர்ந்தால், வேறொரு அப்பாவியின் மானம் போகும். வழக்கும் நம் மேல் வரலாம்.

அந்தத் தளத்தில் எதுவும் கிடைக்கவில்லை என்றாலும் ஆள் சுத்தம் என்று அர்த்தமில்லை. அங்கே இருப்பவை பெரும்பாலும் மேல் நீதிமன்றங்களின் தீர்ப்புகள். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தினமும் முடியும் வழக்குகளை அங்கே எதிர்பார்க்க முடியாது. தேர்தல் ஆணையத்தின் வேட்பாளர் பட்டியலில் பெயர் இருப்பதும் நற்சான்றிதழ் அல்ல. அபராத வாய்ப்பு இல்லாமல் 12 மாதத்துக்கு மேல் சிறைத்தண்டனை பெற்றவர்தான் போட்டியிட முடியாது. அந்தத் தடையும் தண்டனை முடிந்து ஐந்து ஆண்டில் நீங்கிவிடும். மறுபக்கம், குற்றச்சாட்டு வேறு, தண்டனை வேறு. 2025 ஜூலை 6 அன்று குவாசூலு-நட்டால் மாகாணப் போலீஸ் ஆணையர் ம்க்வானாசி, போலீஸுக்குள் குற்றக் கும்பல்களின் ஊடுருவலும் அரசியல் தலையீடும் இருப்பதாகப் பேட்டி கொடுத்த பிறகு, அதை விசாரிக்க அமைந்த மட்லாங்கா ஆணையத்தில் எத்தனையோ பெயர்கள் அடிபட்டன. சாட்சியத்தில் பெயர் வந்ததை ‘நிரூபணமானது’ என்று எழுதக் கூடாது.

வாக்குச் சீட்டு இரண்டு என்பதையும் மறக்க வேண்டாம், ஒன்று வார்டுக்கு, ஒன்று கட்சிக்கு. மன்றத்தில் கவுன்சிலர்கள் பெரும்பாலும் கட்சி சொன்னபடிதான் கை தூக்குகிறார்கள். வேட்பாளரைத் துருவித் துருவி ஆராய்ந்துவிட்டு கட்சியை விட்டுவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். முன்பு நாடாளுமன்றத்தில் இருந்தவர் என்றால் வேலை சுலபம்: நாடாளுமன்றக் குழுக்களைக் கவனித்துப் பதிவு செய்யும் பார்லிமென்டரி மானிட்டரிங் குரூப் தளத்தில், போலீஸ் துறைக்கான நாடாளுமன்றக் குழுவின் கூட்ட அறிக்கைகளும் வருகைப் பதிவும் இருக்கின்றன. கூட்டத்துக்கே வராதவர் மேடையில் எவ்வளவு முழங்கினாலும் அது அங்கே தெரிந்துவிடும்.

கேட்டாலும் கிடைக்காத ஆவணத்துக்கு ‘பையா’ இருக்கிறது, 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டம். பதில் தர 30 நாள் அவகாசம், இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம், மறுத்தால் மேல்முறையீடு வேறு. தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மனு போட்டால், பதில் வரும் நேரத்தில் புதிய கவுன்சிலர் பதவி ஏற்றிருப்பார். “மெட்ரோ போலீஸ் பற்றிய எல்லா ஆவணமும் வேண்டும்” என்றும் எழுதாதீர்கள். எந்தக் கூட்டம், எந்தத் தேதி, எந்தத் தீர்மானம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.