ஸ்லைடு பின்னுக்கு எந்த கிரீஸ்?

பெங்களூரு சில்க் போர்டு நெரிசலைத் தாண்டுவதற்குள் என் பைக்கின் முன் டிஸ்க் கொதித்தது; தள்ளினால் சக்கரம் இறுகியது. பேட்களை டிஸ்கில் அழுத்தும் காலிப்பரைக் கழற்றினேன். பேடைத் தள்ளும் பிஸ்டன் பக்கத்து பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தது, காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடு பின் அசையவே இல்லை. முன்பு சர்வீஸ் செய்த இடத்தில் பேரிங்குக்குப் போடும் கிரீஸை அதில் அப்பியிருந்தார்கள். பெட்ரோலிய கிரீஸ் அது. பின்னைச் சுற்றிய ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் அதை உறிஞ்சி உப்பிவிடும், ஸ்லைடு பின் சிக்கிக்கொள்ளும்.

ஜே.சி. ரோட்டில் பின்னுக்குப் புது ரப்பர் உறையும் (பூட்) சிலிக்கான் கிரீஸும் கேட்டேன். "காப்பர் கிரீஸே போதும் தம்பி, சூடு தாங்கும்" என்றார் கடைக்கார அண்ணன். சூடு தாங்கும்தான். ஆனால் சாதாரண காப்பர் கிரீஸிலும் மினரல் ஆயில் இருக்கும். ரப்பர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பேட்டின் முதுகுத் தகட்டில், உலோகத்தோடு உலோகம் உரசும் இடத்தில், லேசாகப் பூசலாம்.

பழைய கிரீஸை முழுக்கத் துடைத்தெடுத்து, பின்னில் சிலிக்கானை மெல்லிய படலமாகத் தடவினேன். அதிகம் அப்பினால் உள்ளே காற்று அடைபட்டு ஸ்லைடு பின் வெளியே தள்ளப்படும். பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் சீலுக்கு, பிரேக் ஃப்ளூயிட் டப்பாவின் (ரிசர்வாயர்) மூடியில் குறித்திருந்த அதே டாட் 4 பிரேக் ஃப்ளூயிட். சக்கரம் இப்போது தாராளமாகச் சுற்றுகிறது.

டிஸ்கில் கிரீஸ் பட்டால் பிரேக் கிளீனரால் துடைத்துவிடலாம். பேட் முகத்தில் ஊறிவிட்டால் தயவுசெய்து புது பேட் போடுங்கள்.