மீட்டர் சமனச்சுற்றை வகுப்பில் கற்பிக்கும் முறை

பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைகளில் மீட்டர் சமனச்சுற்றை (ஒரு மீட்டர் கம்பியைக் கொண்டு, தெரியாத தடையைத் தெரிந்த தடையுடன் ஒப்பிட்டு அளக்கும் கருவியை) ஒரே வகுப்பில் முடித்துவிடுவது பல பள்ளிகளில் வழக்கமாக இருக்கிறது. மாணவர் வாய்ப்பாட்டில் எண்களை இட்டு, கம்பி செய்யப்பட்ட பொருளுக்கே உரிய மின்தடை எண்ணைக் கணக்கிட்டு, ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுகிறார். மின்சுற்றுகளுக்கான கிர்க்காஃப் விதிகளையும் பிழைக் கணக்கையும் ஒரே மேசையில் கண்முன் காட்டக்கூடிய கருவி இது என்பதால், இதற்கு இரண்டு வகுப்புகளாவது ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இணைப்புக் கொடுக்கும் முன் கரும்பலகையில் தொடங்குங்கள். ஒரு மீட்டர் கம்பியின் முனைகளுக்கிடையே 2 வோல்ட் இருந்தால், ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 0.02 வோல்ட் குறையும். தடைகளை இணைக்கும் இரு இடைவெளிகளில் இடப்பக்கத்தில் 4 ஓமும் வலப்பக்கத்தில் 6 ஓமும் இருந்தால், அவற்றின் சந்திப்பில் எவ்வளவு குறைந்திருக்கும் என்று கேளுங்கள். 0.8 வோல்ட் என்ற விடை வந்ததும், கம்பியில் அதே அளவு குறைந்திருக்கும் இடம் எது என்று கேட்டால், 40 செ.மீ. என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள். வாய்ப்பாட்டை நீங்கள் எழுதித் தர வேண்டியதில்லை. மின்கலம் பழையதாகி மின்னழுத்தம் குறைந்தால் சமன்புள்ளி (மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனோமீட்டரின் முள் விலகாத அந்த இடம்) நகருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். நகராது, கால்வனோமீட்டரின் விலகல் மட்டும் சிறுத்து, புள்ளியைத் துல்லியமாகக் காண்பது கடினமாகும்.

இணைப்பு முடிந்ததும், கால்வனோமீட்டரைக் கம்பியுடன் இணைக்கும் தொடுசாவியை முதலில் கம்பியின் இரு முனைகளுக்கு அருகில் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முள் எதிரெதிர்த் திசைகளில் விலகினால் இணைப்பு சரி. எங்கே தொட்டாலும் ஒரே பக்கம் விலகினால், இடைவெளிகளில் ஒன்றில் இணைப்பு அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பழுதை ஆசிரியர் ஓடிச்சென்று சரிசெய்துவிடாமல், முள் ஏன் ஒரே பக்கம் சாய்கிறது என்பதைச் சுற்றுப்படத்தைப் பார்த்து மாணவரே விளக்கும் வரை காத்திருப்பது நல்லது. தொடுசாவியைக் கம்பியின் மேல் இழுத்துச் செல்லக் கூடாது. கம்பி தேய்ந்து, அதன் தடை இடத்துக்கு இடம் மாறிவிடும்.

தெரிந்த தடையைத் தரும் மின்தடைப் பெட்டியின் மதிப்பை எப்படித் தேர்வது என்பதில்தான் கற்பிக்க நிறைய இருக்கிறது. சமன்புள்ளியை ஒரு மில்லிமீட்டர் தவறாகப் படித்தால், 50 செ.மீ.யில் விடையில் 0.4 விழுக்காடு பிழை வரும். அதே தவறு 5 செ.மீ.யில் ஏறத்தாழ 2.1 விழுக்காடாகிவிடும். மாணவர்கள் இந்த இரண்டு எண்களையும் தாங்களே கணக்கிட்டுக் கண்டால், புள்ளி நடுவில் விழும்படி தடையைத் தேர வேண்டும் என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியிராது. கம்பியின் முனை இணைப்புகளில் உள்ள சிறு தடைகளான முனைத்தடைகளின் விளைவைக் குறைக்க இரு தடைகளையும் இடம் மாற்றி மறுபடி அளந்து சராசரி காண வேண்டும்.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் விடை கெடுவது பெரும்பாலும், தடை காணப்படும் கம்பியின் விட்டத்தை அளக்கும் திருகு அளவியில்தான். என்னிடம் படித்த ஒரு மாணவிக்கு மின்தடை எண் பத்து விழுக்காடு கூடுதலாகவே வந்துகொண்டிருந்தது. அவர் சமனச்சுற்றை மூன்று முறை பிரித்துக் கட்டிவிட்டார். கம்பியின் விட்டத்தை 0.42 மி.மீ. என்று எழுதியிருந்தார். திருகு அளவியை வெறுமனே மூடிப் பார்த்தபோது அது 0.02 மி.மீ. காட்டியது. உண்மையான விட்டம் 0.40 மி.மீ.; விட்டம் வாய்ப்பாட்டில் இருபடியாக வருவதால் ஐந்து விழுக்காட்டுத் தவறு பத்தாகிவிட்டது. சுழிப்பிழையைத் திருத்திய பிறகும் திருகு அளவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவான 0.01 மி.மீ. மீச்சிற்றளவு ஒன்றே 5 விழுக்காடு வரை ஐயத்தைத் தரும், சமனச்சுற்றின் 0.4 விழுக்காடு அதற்கு முன் ஒன்றுமில்லை. ஆகவே கம்பியின் ஐந்தாறு இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் விட்டத்தை அளக்கச் செய்து, எந்த அளவீடு விடையை அதிகம் பாதிக்கிறது என்பதை ரெக்கார்டு நோட்டின் கடைசி வரியில் காரணத்துடன் எழுதச் சொல்லுங்கள்.