வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகிறது? நீங்களே அளக்கலாம்

திருவையாறு பக்கம் எங்கள் வயலுக்கு வரும் வாய்க்காலை நான் ஆரஞ்சுப் பழம் விட்டுத்தான் அளக்கிறேன். ஆரஞ்சு முக்கால்வாசி மூழ்கி மிதப்பதால் காற்று அதை அவ்வளவாகத் தள்ளாது. காலி பாட்டில் வேண்டாம், காற்றோடு ஓடிவிடும்.

வளைவு இல்லாத, புதர் மண்டாத 20 மீட்டர் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு முனையிலும் குறுக்கே கயிறு கட்டுங்கள்.

அப்புறம் ஆழம். இதில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கும். கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, ஒவ்வொரு முடிச்சுக்கும் நேர் கீழே மூங்கில் கழியால் அளக்க வேண்டும். முதல் தடவை என் கழி சேற்றில் ஒரு சாண் இறங்கிவிட்டது, கணக்கும் எகிறியது. இப்போது கழியின் அடியில் உள்ளங்கை அகலப் பலகை ஒன்றை அறைந்து வைத்திருக்கிறேன். சேற்றின் மேலேயே நின்றுவிடும்.

பழத்தை, தண்ணீர் வரும் பக்கத்துக் கயிற்றுக்குச் சற்று முன்னாலேயே போடுங்கள், கயிற்றைத் தாண்டும்போது வேகம் பிடித்திருக்கும். நடுவிலும் இரு ஓரங்களிலுமாகப் பல முறை விட்டு, இரண்டு கயிற்றுக்கும் இடையே கடக்க எத்தனை நொடி என்று பார்த்துச் சராசரி எடுங்கள்.

சரி, கணக்கு. அகலம் 6 மீட்டர், சராசரி ஆழம் 0.8 என்றால் குறுக்குப் பரப்பு 4.8 சதுர மீட்டர். பழம் 40 நொடியில் கடந்தால் வேகம் நொடிக்கு 0.5 மீட்டர். ஆனால் அது மேற்பரப்பின் வேகம். அடித்தண்ணீர் தரையில் உரசி மெதுவாகப் போகும், அதனால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். இந்த வேகத்தைப் பரப்போடு பெருக்கினால் விடை நொடிக்கு 2.04 கன மீட்டர், அதாவது சுமார் 72 கன அடி.

முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் காலையும் மாலையும் அளந்து நோட்டில் எழுதுங்கள், கடைமடைக்காரர்களிடமும் காட்டுங்கள்.