ப்ரொடக்ட் மனேஜர் ஆக விருப்பமா? நிலாவெளிக் கரையிலேயே பழகத் தொடங்கலாம்

"இதுக்கு என்ன கோர்ஸ் செய்யலாம்?" கோணேசபுரி கம்பஸ் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். கோர்ஸைப் பிறகு பார்ப்போம். ஒரு செயலியிலோ வேறு பொருளிலோ எதைச் செய்வது, எதை விடுவது என்று தீர்மானிக்கிற வேலைதான் ப்ரொடக்ட் மனேஜருடையது. கோட் எழுதத் தெரியாதவரும் பழகலாம். 1931இல் இந்த வேலைக்கு வித்திட்ட குறிப்பை எழுதிய நீல் மெக்கல்ராய், ப்ரொக்டர் அண்ட் காம்பிளில் சவர்க்கார விளம்பர வேலையைக் கவனித்தவர்!

படி 1: செயலி யோசனையை விட்டு, ஒரு சிக்கலைப் பிடியுங்கள். உதாரணமாக, நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாத்தீவுக்குப் படகை முழுதாக வாடகைக்கு எடுத்தால் தனியாக வருபவருக்குக் கட்டாது. பங்கு போட ஆள் தேட வேண்டும்.

படி 2: ஆட்களோடு கதையுங்கள். பலர் வழுக்குவது இங்கேதான். "இப்படி ஒரு செயலி வந்தால் பாவிப்பீங்களா அண்ணை?" என்றால் படகுக்காரர், "ஓம் தம்பி, நல்லம்" என்பார். எங்கட ஊரில் முகத்துக்கு நேரே யார்தான் இல்லை என்பார்கள்? நடந்ததைக் கேளுங்கள்: "கடைசியா எப்ப ஆள் காணாமல் படகு நின்டது? அன்டைக்கு என்ன செய்தீங்க?" "பக்கத்து ஹோட்டல் பெடியனுக்குக் கோல் எடுத்தன், ரெண்டு பேரை அனுப்பினான்" என்று பதில் வந்தால், அந்தக் கோல்தான் உங்கள் போட்டியாளர். அதைவிடச் சுகமான வழி தராத செயலியை அவர் தொடவே மாட்டார். அவர் சொன்னதைச் சொன்னபடியே குறித்துவிட்டு, ஹோட்டல் பெடியனிடமும் பயணிகளிடமும் போங்கள்.

படி 3: ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: யாருக்கு, என்ன சிக்கல், இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள், சரிவந்ததை எதை வைத்து அறிவோம். கடைசிக் கேள்விக்குப் பதிவிறக்க எண்ணிக்கை உதவாது. வாரத்துக்கு எத்தனை தனிப்பயணிகள் பங்கு போட்டுப் படகேறினார்கள் என்று எண்ணுங்கள்.

படி 4: முன்னுரிமை. இன்டர்கொம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் 'ரைஸ்' (RICE) கணக்கு தொடக்கத்துக்குப் போதும். எத்தனை பேரைச் சேரும், எவ்வளவு பயன், எவ்வளவு நம்பிக்கை என்பவற்றைப் பெருக்கி, உழைப்பால் வகுக்க வேண்டும். உழைப்பை ஒருவர் ஒரு மாதம் செய்யும் வேலையாக அளப்பார்கள். கற்பனை எண்களில் பாருங்கள். ஆள் சேர்க்கும் வசதி: மாதம் 40 பேர், பயன் 2 (அதிகம்), நம்பிக்கை 80%, உழைப்பு 1. விடை 64. படகுப் படங்களின் தொகுப்பு: 200 பேர், பயன் 0.5 (குறைவு), நம்பிக்கை 50%, உழைப்பு 2. விடை 25. நம்பிக்கை எண்ணை ஆசைக்கு ஏற்றிப் போட்டால் எந்தக் கணக்கும் உங்களுக்குச் சாதகமாகத்தான் வரும்.

படி 5: கோட் இல்லாமலே சோதியுங்கள். ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு கூகிள் படிவம் போதும். மே முதல் செப்டெம்பர் வரை செய்யுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் குழம்பி எண்ணிக்கை விழுந்தால், குற்றம் உங்கள் யோசனையிலா காற்றிலா என்று பிரிக்க முடியாது.

படி 6: கைவிட்ட யோசனைகளையும் காரணத்தோடு எழுதி வையுங்கள். நேர்முகத் தேர்வில் "ஏன் இதைச் செய்யவில்லை?" என்று துருவுவார்கள். அப்போது இந்தப் பக்கங்களை எடுத்து வையுங்கள்.